ஒரேயொரு டிக் சத்தமும் 46,500 ரூபாய் பற்றரியும்

நேற்றுப் பின்னேரம் ஐந்தே முக்காலுக்குக் கெப்பின் திறப்பைத் திருப்பினேன், எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. நிற்பாட்டினேன். திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன், திரும்ப நிற்பாட்டினேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தரம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்னும் சரிவரல்லயா மனே?" என்று கேட்டார். சரிவந்ததால்தான் இந்தக் கூத்து என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கும் தெரியவில்லை.

என்னுடையது 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் போட்ட பழைய ஜப்பான் கெப், அதாவது பிக்கப். கம்ப்யூட்டர், சென்சர் எதுவும் கிடையாது. டீசல் பம்ப்கூட பழைய மெக்கானிக்கல் பம்ப்தான். வீடு மட்டக்களப்புச் செங்கலடியில், வயல் கரடியனாற்றுப் பக்கம். நெல் வெட்டுக் காலத்தில் பதுளை வீதியால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் போய்வரும். மற்ற மாதங்களில் வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து மீன் பெட்டி ஏற்றிக் கூலிக்கு ஓடுவேன். இந்த மீன் கதையை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு வரும்.

குறை தொடங்கிய முதல் நாள், விடிய ஐந்து மணி. வெட்டு மெசின்காரர் ஆறரைக்கு வயலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வெறுஞ்சாக்கு, கயிறு, இரண்டு கான் டீசல் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. திறப்பைத் திருப்பினால் "டிக்". ஒரேயொரு டிக். டாஷ் லைற் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, எஞ்சின் அசையவில்லை. ஏழெட்டுத் தரம் திருப்பியதில் ஒருதரம் மட்டும் முக்கி முனகி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

மருமகனையும் அடுத்த வளவுப் பெடியனையும் எழுப்பித் தள்ளினோம். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் பிடித்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. தள்ளினால் பிடிக்கிற வாகனத்துக்கு டீசல் வருகிறது, பம்ப் வேலை செய்கிறது, ஹீட்டர் பிளக்கைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. எஞ்சினைச் சுற்றிவிடுகிற பகுதியில்தான் குறை. பற்றரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டர், இந்த மூன்றுக்குள் ஒன்று. ஆனால் அன்றைக்கு நான் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. பற்றரிக்கு மூன்று வயது ஆகியிருந்தது. அதன் தலையில்தான் பழியைப் போட்டேன்.

அன்று மத்தியானமே புதுப் பற்றரி வாங்கினேன். 46,500 ரூபாய். பழசைக் கொடுத்ததற்கு 5,000 கழித்தார்கள். பூட்டித் திருப்பினேன், பிடித்தது. இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் பொழுதுபடுகிற நேரம், வயலுக்குள், 22 மூட்டை நெல் ஏற்றிய பிறகு, திரும்பவும் அதே டிக்.

பாரத்தோடு சேற்றில் நிற்கிற வாகனத்தைத் தள்ள முடியாது. ஏறாவூரில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கிறார், அவருக்குப் போன் எடுத்தேன். "புதுப் பற்றரி போட்டனான் காக்கா" என்று தொடங்கியதுமே சிரித்தார். "தம்பி, பெரிய லைற்றப் போட்டுட்டு தெறப்பத் திருப்புங்க. லைற் மங்குதா, அப்படியே நிக்கிதா, அத மட்டும் செல்லுங்க."

போட்டுப் பார்த்தேன். டிக் என்றது, லைற் மங்கவேயில்லை.

"அப்ப பற்றரியில ஒண்டுமில்ல. ஒரு ஸ்பானரால ஸ்டார்ட்டர்ட முதுகுல ரெண்டு தட்டுத் தட்டிட்டு அடிங்க."

கீழே படுத்து, வீல் ஸ்பானரால் தட்டினேன். மருமகன் திருப்பினான். பிடித்தது. அடுத்த இரண்டு நாளும் இப்படித் தட்டித் தட்டித்தான் ஓடியது. வயலுக்குப் போகிறவன் முதுகு முழுக்க ஒயிலும் புழுதியுமாகத் திரும்பி வருவதைப் பார்த்து வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை, சவர்க்காரம் மட்டும் இரண்டு கட்டி கூடுதலாக வந்தது.

அதற்குப் பிறகுதான் 2,200 ரூபாய்க்கு ஒரு மல்டிமீற்றர் வாங்கினேன். 46,500க்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டியது.

அளந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அளக்கும்போது எஞ்சின் சுற்றவும் வேண்டும், பிடிக்கவும் கூடாது. அதற்கு டீசல் பம்பின் மேலே இருக்கிற நிறுத்தும் சொலினொயிட்டின் ஒற்றை வயரைக் கழற்றி ஒரு பக்கம் விட்டேன். அதற்கு 12 வோல்ற் கிடைத்தால்தான் டீசலுக்கு வழி விடும். கரண்ட் இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இந்த வயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மருமகன் திறப்பில், நான் மீற்றரோடு. சும்மா நிற்கும்போது பற்றரி 12.6. அன்று நல்லகாலம், தட்டாமலே எஞ்சின் சுற்றியது. ஆனால் சோம்பலாகச் சுற்றியது. சுற்றும்போது பற்றரி 11.1. டீசல் வாகனத்துக்கு இது நல்ல கணக்கு, பத்துக்குக் கீழே போனால்தான் பற்றரியைச் சந்தேகப்படலாம். அடுத்தது பிளஸ் பக்கம். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ் கம்பத்திலும் மற்றதை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் வந்து பூட்டுகிற நட்டிலும் வைத்துச் சுற்றினால் 0.3. அரை வோல்ற்றுக்குள் இருந்தால் பரவாயில்லை. பிறகு மைனஸ் பக்கம். ஸ்டார்ட்டரின் உடம்பில் ஒரு முனை, பற்றரியின் மைனஸ் ஈயக் கம்பத்தில் மற்றது. கிளிப்பில் வைக்கக்கூடாது, கம்பத்திலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப்புக்கும் கம்பத்துக்கும் இடையில் உள்ள குறை அகப்படாது. இந்தப் பக்கம் 0.2, கூடினால் 0.3 வரலாம். எனக்கு வந்தது 1.7.

அதாவது பற்றரி கொடுக்கிற 11 சொச்சத்தில் 1.7 வோல்ற் மைனஸ் பக்கத்து ஏர்த் கேபிளிலேயே தொலைந்துபோகிறது. கேபிளைக் கழற்றி, அதன் நுனியில் போல்ட்டில் பூட்டுகிற செம்புக் காதான லக் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள்தான் இருந்தது. கையால் இழுத்ததும் பாதிக் கம்பிகள் உதிர்ந்து வந்தன. அது பூட்டியிருந்த இடத்தில் துரு ஒரு பப்படம் அளவுக்குத் தடித்திருந்தது. மீன் பெட்டியில் இருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் மாதக்கணக்காக இந்த மூலையில்தான் வடிந்திருக்கிறது. அதோடு மாரி வெள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்குள்ளால் ஓட்டிவிட்டுக் கீழ்ப்பக்கம் கழுவாமல் விட்டவனும் நான்தான்.

புதுக் கேபிளுக்கு வெல்டிங் கேபிள் 35 சதுர மில்லிமீற்றரில் நாலு அடி வாங்கினேன், 2,800. இரண்டு செம்பு லக் 500. லக்கை நானே வைஸில் வைத்துச் சுத்தியலால் நசுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தால் லக் கையோடு வந்தது. அப்புறம் ஏறாவூரில் ஹைட்ரோலிக் கிரிம்பர் வைத்திருக்கிற ஒரு வயர் கடையில் 300 கொடுத்து நசுக்குவித்தேன். புது லக் இன்னொரு 250. பூட்டுகிற இடத்தை எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, கேபிளை நேரே எஞ்சின் புளொக்கிலேயே பூட்டி, பூட்டிய பிறகு மேலால் கிறீஸ் பூசினேன். கிறீஸை முதலே பூசிவிட்டுப் பூட்டக்கூடாது என்று காக்கா சொன்னார்.

திரும்ப அளந்தால் 0.15. எஞ்சின் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது. பம்ப் வயரைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணினேன். காக்காவுக்கு வெற்றிச் செய்தியும் அனுப்பினேன். "லைற் மங்கல்லண்டுதானே சென்னீங்க? இன்னும் ஒண்டு இருக்கும், பாருங்க" என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் டிக்.

இந்த முறை மீற்றர் கையில் இருந்தது, ஆத்திரம் கொஞ்சம் குறைவாக இருந்தது. எஞ்சின் பிடித்துத் தொலைக்கக்கூடாது என்று பம்ப் வயரைத் திரும்பவும் கழற்றி விட்டேன். பற்றரி 12.5. மருமகன் திருப்பினான், டிக். அப்போதும் 12.5. முதலில் இதை நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது: ஸ்டார்ட்டர் வேலை செய்தால் பற்றரி கீழே இறங்கியே ஆகவேண்டும். இறங்கவில்லை என்றால் கரண்டை யாரும் குடிக்கவில்லை. காக்கா லைற்றை வைத்துக் கேட்டதும் இதையேதான், நான் மீற்றர் வாங்கிக் கண்டுபிடித்தேன்.

ஸ்டார்ட்டரின் தடித்த நட்டுக்கும் உடம்புக்கும் இடையில் 12.4. திறப்பில் இருந்து வருகிற மெல்லிய வயரில், திருப்பும்போது 11.3. ஆகவே கொடுக்க வேண்டியதெல்லாம் ஸ்டார்ட்டரின் வாசல்வரை வந்துவிட்டது. ஸ்டார்ட்டருக்கும் ஒரு சொலினொயிட் இருக்கிறது, மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச் அதுதான். அதில் இன்னொரு நட்டு இருக்கிறது, அதில் இருந்துதான் கரண்ட் மோட்டருக்குள் இறங்கும். அங்கே 12 வோல்ற் வந்தும் சுற்றாவிட்டால் மோட்டருக்குள் கரண்டைக் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அங்கே ஒன்றும் வராவிட்டால் சொலினொயிட்டுக்குள் இருக்கிற செம்புத் துண்டுகள் ஒட்டவில்லை. டிக் என்கிற ஒவ்வொரு தரமும் அந்த நட்டில் பூச்சியம். ஒருதரம் மட்டும் 3 என்று மினுங்கி மறைந்தது.

பக்கத்து ஊர்க் கராஜில் விசாரித்தேன், ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் 38,000 என்றார்கள். உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். நானே கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

ஸ்டார்ட்டரைக் கழற்ற முதல் பற்றரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நேரே தடித்த நட்டில் 14 ஸ்பானரைப் போட்டேன். அரைச் சுற்றுத் திரும்பியதும் ஸ்பானரின் வால் சேசிஸில் முட்டியது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், கருகிய மணம். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு பயறு அளவு குழி விழுந்திருக்கிறது. அதை எறியாமல் வைத்திருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகன், "மாமா, மைனஸ் கழட்டல்லயா?" என்று கேட்டான். பதினைந்து வயது அவனுக்கு.

பிடித்திருப்பது இரண்டு 17 போல்ட்தான். கீழே இருந்தது ஐந்து நிமிஷத்தில் வந்தது. மேலே இருந்ததற்கு ஒன்றரை மணித்தியாலம். நீட்டுக் கம்பி, வளைவு மூட்டு எல்லாம் சேர்த்து, கண்ணால் பார்க்காமல் கையால் தடவித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசிப் புரி விடும்போது ஸ்டார்ட்டரைக் கீழிருந்து யாராவது தாங்க வேண்டும். நல்ல பாரம். என் முகத்தில் விழப் பார்த்ததை நெஞ்சில் வாங்கிக்கொண்டேன்.

ஜப்பான் டீசல்களில் வருகிற கியர் வைத்த இந்த வகை ஸ்டார்ட்டரில் ஒரு வசதி, முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. சொலினொயிட்டின் பின்மூடியில் மூன்று சின்னப் போல்ட், 8 ஸ்பானர். ஒன்றின் தலை வழுக்கிவிட்டது, வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகினேன். மூடியைத் திறந்ததும் கறுப்புச் செம்புத் தூள் கொட்டியது. உள்ளே ஒரு கம்பி, அதன் தலையில் செம்புத் தட்டு, பின்னால் ஸ்பிரிங். தட்டு வந்து இரண்டு செம்புத் துண்டுகளில் ஒருமிக்க முட்டினால்தான் கரண்ட் பாயும். வேனியரால் அளந்தேன். தட்டு முட்டுகிற இடத்தில் பற்றரிப் பக்கத்துத் துண்டு 1.3 மில்லிமீற்றர், மோட்டர்ப் பக்கத்துத் துண்டு 2.4. புதுசு 3.2. ஒரு பக்கம் தேய்ந்து இறங்கிவிட்டதால் தட்டு மற்றப் பக்கத்தில் முட்டி நின்றுவிடுகிறது. தட்டினால் கொஞ்சம் சரிந்து ஒட்டும். புதுப் பற்றரி போட்ட இரண்டு நாளும் வேலை செய்தது இந்தத் தட்டுச் சரிவில் எனக்கு விழுந்த அதிர்ஷ்டம். பழைய பற்றரியில் ஒரு குறையும் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். 5,000 ரூபாய்க்குக் கொடுத்தேனே.

யுத்தம் நடந்தபோது, வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் பற்றரி, வயர் எதையும் லேசில் கொண்டுபோக விடாத காலத்தில் என்னுடைய பெரிய மாமா டிராக்டர் வைத்திருந்தார். இதே துண்டுகள் தேய்ந்தால் பழைய செம்புப் பட்டையை வாளால் அறுத்து, அரத்தால் ராவிப் போடுவாராம். அதைக் கேட்டு நானும் ஒரு பட்டை தேடினேன். பிறகு கடையில் 1,900 என்று தெரிந்ததும் மாமாவின் வித்தையை மாமாவுக்கே விட்டுவிட்டேன்.

கடையிலும் ஒரு பிழை விட்டேன். பழைய துண்டுகளைக் கொண்டுபோகாமல் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். தந்ததைக் கொண்டுவந்து வைத்தால் துளை பொருந்தவில்லை. அகலத்திலும் உயரத்திலும் நாலைந்து விதம் இருக்கிறது. திரும்பப் போய், பழசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு மாற்றினேன். தட்டோடு சேர்ந்த கம்பியும் குழி விழுந்திருந்ததால் அதையும் மாற்றினேன், 2,600. பழைய தட்டை மறுபக்கம் திருப்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பூட்டும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். நட்டுகளை முழுக்க இறுக்காமல் விட்டு, கம்பியைக் கையால் உள்ளே அமுக்கி, தட்டு இரண்டு துண்டிலும் ஒரே நேரத்தில் முட்டுகிறதா என்று பார்த்து, அமுக்கிப் பிடித்தபடியே இறுக்க வேண்டும். முதல் தரம் இறுக்கும்போது ஒரு துண்டு நட்டோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிட்டது, கழற்றித் திரும்பச் செய்தேன். வாகனத்தில் ஏற்ற முதல் நிலத்தில் வைத்து, காலால் மிதித்துப் பிடித்து, ஜம்பர் கேபிளால் சுற்றிப் பார்த்தேன். வெறும் செருப்போடு மிதிக்காதீர்கள், ஸ்டார்ட்டர் உதைக்கும். பத்துத் தரத்துக்குப் பத்தும் சுற்றியது.

பூட்டினேன். மைனஸைக் கடைசியாகப் பூட்டினேன், அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. மருமகன் திருப்பினான். எஞ்சின் அருமையாகச் சுற்றியது. கிர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

சைலன்ஸரில் புகை இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை என்று எடுக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை. லைனில் காற்றுப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பில்டருக்கு மேலே இருக்கிற கைப்பம்பைக் கல்லுமாதிரி ஆகும்வரை அமுக்கினேன். இன்ஜெக்டர் பைப் நட்டுகளை 17 ஸ்பானரால் தளர்த்திச் சுற்றினேன், சொட்டுக்கூட வரவில்லை. டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பில்டரின் அடியில் தண்ணீர் இருக்குமோ என்று அதையும் திறந்து ஒரு போத்தல் நல்ல டீசலை மணலில் ஊற்றினேன். பம்ப் போய்விட்டது, இனி லட்சக்கணக்கு என்று குந்தியிருந்தேன். இரண்டு மணித்தியாலம்.

மருமகன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, எஞ்சினுக்குள் கையை நீட்டி, "இந்த வயர் சும்மா தொங்குது மாமா, இது எங்க போற?" என்றான்.

நான் கழற்றி விட்ட பம்ப் வயர். திறப்பை ஓனில் வைத்து அதன் முனையைச் சொலினொயிட்டில் தொட்டேன், டக் என்றது. எடுத்துத் திரும்பத் தொட்டேன், டக். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தம் அன்று முழுக்கக் கேட்கவில்லை. பூட்டி, தளர்த்தியிருந்த இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கித் திருப்பினால் கொஞ்சம் இருமி, வெள்ளையாக ஊதி, பிடித்தது.

செலவு: செம்புத் துண்டு 1,900, கம்பியும் தட்டும் 2,600, ஏர்த் கேபிள் வேலை லக்குகளோடும் கூலியோடும் 3,850, மீற்றர் 2,200. எல்லாம் சேர்த்து 10,550. பற்றரிக்குப் போன 41,500ஐ இதில் சேர்க்கவா விடவா என்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அடுத்த முறை அளக்கும்போது கழற்றுகிற எந்த வயரிலும் ஒரு சிவப்புத் துணி கட்டி, அதன் மறுமுனையை ஸ்டியரிங்கில் கட்டிவிடப் போகிறேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிய கையோடு பிரஷ் நீளத்தையும் மோட்டர்த் தண்டைத் தாங்குகிற புஷ்ஷையும் பார்த்திருக்க வேண்டும். செம்புத் துண்டில் குறை அகப்பட்ட சந்தோஷத்தில் மற்றப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மீன் ஏற்றுகிற நாட்களில் பெட்டிக்குக் கீழே தார்ப்பாய் விரிக்க வேண்டும், இரவே நல்ல தண்ணீரால் சேசிஸைக் கழுவ வேண்டும். இதை நான் செய்வேன் என்று மருமகன் நம்பவில்லை.

இன்று விடிய இரண்டு நடை போய்வந்தாயிற்று, டிக் இல்லை. ஆனால் எஞ்சின் பிடித்துத் திறப்பை விடுகிற நேரம் ஸ்டார்ட்டரில் இருந்து "கீஈ" என்று ஒரு சின்ன இழுப்புச் சத்தம் வருகிறது. காக்காவுக்குப் போனில் கேட்கப் பிடித்தேன். "புஷ்ஷா இருக்கும், வெட்டு முடியட்டும், கழட்டிக்கிட்டு வாங்க" என்றார். மேலே இருக்கிற அந்த 17 போல்ட்டைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.